சென்னை வந்தது, திருச்சி வரவில்லை

கார் ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று நம் சங்கத்து நண்பர்கள் யாராவது என்னிடம் சொன்னால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த ஸ்டேஷன் வருகிறது, எந்த ஸ்டேஷன் வரவில்லை?" பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. "எதுவுமே சரியில்லை சார், செட்டையே மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன்" என்பார்கள். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். செட்டை விற்பது அவர் தொழில், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் திருச்சியில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, 1981-ல் மத்திய ரயில்வேயில் சிக்னல்-டெலிகாம் பிரிவில் சேர்ந்தவன். 2019 ஜூனில் ஓய்வு பெற்றேன். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் இரவு பகலாகச் செய்தது ஒரே வேலைதான்: எங்கேயோ ஓரிடத்தில் விட்டுப்போன தொடர்பைத் தேடிப் பிடிப்பது. ஆனாலும் என் சொந்தக் காரின் ரேடியோ என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. அந்தக் கதையைச் சொன்னால் உங்களில் சிலருக்காவது பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகும் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறது. அப்பா 2016-ல் காலமான பிறகு அம்மாவை லால்குடியிலிருந்து நாக்பூருக்கு அழைத்து வந்தோம். அப்போதே அவளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. டி.வி. அவளுக்கு வெறும் சத்தம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மராத்தி, இந்தி. மருமகளும் பேரனும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் அவளோடு பேசுவதற்கு நான்காவது மாடியில் புறாக்கள்தான். ஊரில் இருந்தவரை காலையில் காபிக்கு முன்னால் ரேடியோவைத் திருகிவிடும் பழக்கம். திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. அம்மா பிறந்தது 1935. "எனக்கு நாலு வயசு இளைய தம்பி" என்று அந்த நிலையத்தைச் சொல்லுவாள்.

பேரன் மொபைல் போனில் அதே நிலையத்தைப் பிடித்துக் கொடுத்தான். இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், "இது யாரோ டேப்பு போடுற மாதிரி இருக்கு, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அந்தக் கரகரப்பு வேண்டியிருந்தது போலும். டிரான்சிஸ்டர் வாங்கி வைத்தேன். கான்கிரீட் கட்டடம், ஒவ்வொரு அறையிலும் எல்.இ.டி. பல்பு, கீழே லிஃப்ட், பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர்! மத்திய அலையில் தேனீக் கூட்டம் மாதிரி இரைச்சல் மட்டும்தான்.

2018 டிசம்பரில் ராம்டெக் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். கார் வாங்கும்போதே அதில் இருந்த பழைய செட், ஏ.எம். பட்டனைத் தட்டித் தேட விட்டிருந்தேன். 936-ல் நின்றது. தமிழ்! பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டேய், இது நம்ம திருச்சிடா."

நாக்பூரிலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அது எப்படிக் கார் ரேடியோவில் வந்தது என்று கேட்கலாம். மத்திய அலை பகலில் தரையை ஒட்டித்தான் போகும். மேலே கிளம்புவதை வானத்தின் கீழ் அயனி அடுக்கு விழுங்கிவிடும். சூரியன் அஸ்தமித்ததும் அந்த அடுக்கு கரைந்து போகிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்கு அலையைக் கண்ணாடி போலத் திருப்பித் தரைக்கு அனுப்புகிறது. எஃப்.எம். அலைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். ஆகவே எஃப்.எம். உள்ளூர்க்காரர், மத்திய அலை இரவில் மட்டும் வந்து போகும் வெளியூர் விருந்தாளி. அலை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வந்து சேருவதால் ஒலி ஏறும், இறங்கும். அதற்கு எந்த ரிப்பேரும் கிடையாது. "காவேரித் தண்ணி மாதிரி வந்து வந்து போகுது" என்றாள் அம்மா. அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. செமினரி ஹில்ஸ் பாலாஜி கோயில், அங்கிருந்து அம்பாஜரி ஏரிப் பக்கம். விளக்குக் கம்பங்களை விட்டுத் தள்ளி, மரம் கட்டடம் இல்லாத இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் திருச்சி. அது வராவிட்டால் சென்னை.

2019 தீபாவளிக்குப் பையன் என் மேல் உள்ள பிரியத்தால் காருக்குத் தொடுதிரை ஸ்டீரியோ ஒன்று வாங்கி மாட்டிவிட்டான். படம் தெரிகிறது, வழி காட்டுகிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டுகிறது. ரேடியோ மட்டும் போய்விட்டது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் மெல்லிய இரைச்சலோடு வந்தன. ஆகாசவாணியின் 100.6 சகிக்க முடியவில்லை. ஏ.எம்.மில் உள்ளூர் நாக்பூர் நிலையம் மட்டும் முனகியது. கடைக்குப் போனேன். "சாப், ஏ.எம். இப்போது யார் கேட்கிறார்கள்? அரசாங்க ரேடியோ என்றாலே சிக்னல் அப்படித்தான்" என்றார் கடைக்காரர். "வேண்டுமானால் இதைவிடப் பெரிய செட் இருக்கிறது" என்று பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஆம்லா பக்கம் ஒரு சிக்னல் விழாமல் போனது. நான் ரிலேயை மாற்றினேன். சரியாகவில்லை. இன்னொரு ரிலேயை மாற்றினேன். மூத்த இன்ஸ்பெக்டர் வந்தார், டெர்மினலில் தளர்ந்திருந்த ஒரு நட்டை ஸ்பானரால் கால் சுற்று முறுக்கினார், போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அவமானம் இன்னும் இருக்கிறது. அதனால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மல்ட்டிமீட்டரை எடுத்தேன்.

ரேடியோ கேட்காமல் போவதற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும். ஏரியல் அலையைப் பிடித்துச் செட்டுக்குக் கொண்டு வரவில்லை. அல்லது கொண்டு வருகிறது, ஆனால் காருக்குள்ளேயே உண்டாகும் இரைச்சல் அதை மூழ்கடிக்கிறது. அல்லது செட்டிலேயே கோளாறு. செட்டைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். நாம் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறோம்.

செட்டின் மேல் தவறில்லை என்று நிரூபிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. செட்டை வெளியே இழுத்து, பின்னால் உள்ள ஏரியல் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையின் நடுவில் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரண வயரின் முனையைச் செருகுங்கள். மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே தொங்க விடுங்கள். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். அதனால்தான் அந்த அளவு. வயர் மற்ற உலோகப் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வயரில் எஃப்.எம். நன்றாக வந்தால் செட் நிரபராதி. என் காரில் தனியார் நிலையங்கள் கணீரென்று வந்தன. ஆகவே குற்றவாளி ஏரியல் பக்கம்.

பழைய மாதிரி காரானால், அதாவது முன்பக்கத்து மட்கார்டில் இழுத்து நீட்டும் கம்பி ஏரியலானால், சோதனை எளிது. மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் இன்னொன்றைப் பிளக்கின் நடு ஊசியிலும் வைத்தால் தொடர்பு காட்ட வேண்டும். பிளக்கின் வெளி வளையத்துக்கும் கார் உடம்புக்கும் இடையே ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற லோகோ பைலட் நண்பர் ஒருவரின் காரில் இந்த இரண்டாவது சோதனைதான் தோற்றது. ஏரியல் அடிப்பாகத்துக்குக் கீழே மழைத் தண்ணீர் இறங்கித் துரு ஏறி, எர்த் விட்டுப் போயிருந்தது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினோம். செலவு ஐந்து ரூபாய். எர்த் இல்லாத ஏரியல் பாதி ஏரியல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

என் கார் அப்படியல்ல. கூரையின் பின்பக்கத்தில் சாண் அளவுக்குச் சின்னக் கம்பி. இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இப்படித்தான். சில கார்களில் சுறாமீன் துடுப்பு மாதிரி இருக்கும். இவ்வளவு குட்டையான கம்பி பிடிக்கும் அலை சொற்பம். அதனால் அதன் அடியிலேயே ஒரு சின்ன பூஸ்டர் வைத்திருக்கிறார்கள். பூஸ்டருக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கம்பெனி செட் அதை ஏரியல் கேபிள் வழியாகவே மேலே அனுப்பியிருக்கிறது. புது செட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது நீல நிற வயர் ஒன்றில் தனியாக 12 வோல்ட் தருகிறது. அந்த நீல வயரைக் கடைக்காரர் டேப் சுற்றி டேஷ்போர்டுக்குள் சொருகி வைத்திருந்தார்! மின்சாரம் இல்லாத பூஸ்டர் சும்மா இருப்பதில்லை, வருகிற அலையையும் தடுக்கும். எஃப்.எம். ஓரளவு கசியும், ஏ.எம். செத்துவிடும்.

இதற்கென்று ஏரியல் பிளக்குக்கும் செட்டுக்கும் நடுவில் போடும் அடாப்டர் கிடைக்கிறது. நான் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். நீல வயரை அதில் சேர்த்து, நடுவில் சின்ன ஃப்யூஸ் ஒன்றும் வைத்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் பல செட்டுகளில் ஒலிபெருக்கிக்கானது. சேர்ப்பதற்கு முன்னால் மீட்டரால் பார்த்துவிடுங்கள். ரேடியோ போட்டதும் அந்த வயரில் 12 வோல்ட் வர வேண்டும்.

அந்த ஞாயிறு இரவு ஏரிக்கரையில் 720 வந்தது. சென்னை. ஆனால் அதன் மேல் ஒரு "ங்ங்ங்" என்ற ரீங்காரம். அம்மா, "யாருடா பக்கத்துல மாவு அரைக்கிறா?" என்றாள்.

இது இரண்டாவது வகை வியாதி. இதற்கு மருந்து காதுதான். எஞ்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி ரேடியோவைக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் அது எஞ்ஜின் பக்கத்துச் சமாசாரம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குரல் உயர்ந்தால் ஆல்டர்னேட்டர். டிக் டிக் என்று வேகம் கூடினால் ஸ்பார்க் பிளக் வயர்கள். இன்னொன்றும் பாருங்கள். ஒலியை முழுவதும் குறைத்த பிறகும் அந்த ஊளை கேட்டால் அது ஏரியல் வழியாக வரவில்லை, செட்டின் மின் வயர் அல்லது எர்த் வழியாக வருகிறது. ஏரியலைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

என் காரில் எஞ்ஜினை அணைத்தும் ரீங்காரம் நிற்கவில்லை. அப்படியானால் மின்சாரத்தில் ஓடும் வேறு ஏதோ. சிகரெட் லைட்டர் துளையில் பையன் ஒரு மொபைல் சார்ஜர் சொருகியிருந்தான். பிடுங்கினேன். மாவு அரைப்பது நின்றது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அந்தச் சின்ன டப்பா மின்சாரத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான முறை துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிறது. மலிவான சார்ஜரில் அதை அடக்கும் வடிகட்டி இருக்காது. ஒவ்வொரு துண்டிப்பும் மத்திய அலையில் போய் விழுகிறது. முன்கண்ணாடியில் ஒட்டும் கேமரா, வெளியில் வாங்கி மாட்டும் எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு இவற்றின் கதையும் இதுவே. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்டால் பத்து நிமிஷத்தில் ஆள் அகப்படுவான்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அஜ்னி பக்கம் ரயில் பாதையை ஒட்டிக் காரில் போகும்போது ஏ.எம். படபடவென்று வெடிக்கும். தலைக்கு மேல் 25,000 வோல்ட். எஞ்ஜினின் பேன்டோகிராஃப் கம்பியில் உரசும்போது பொறி பறக்கும். அதற்கு நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த மின்தடம் வந்த பகுதிகளில் கம்பத்தில் ஓடிய எங்கள் பழைய டெலிபோன் கம்பிகளையே எடுத்துவிட்டு, உறையிட்ட கேபிளை நிலத்தில் புதைக்க வேண்டி வந்தது. கார் ரேடியோ எம்மாத்திரம்?

ஆக, சென்னை தெளிவாக வந்தது. திருச்சி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "மூடிட்டாங்களாடா?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. "இருக்கும்மா" என்றேன். வயதானவர்களிடம் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த வாரம் முழுவதும் அவள் ரேடியோப் பேச்சே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஏதோ வேலையாகப் போகும்போது 100.6-ஐப் போட்டேன். திரையில் 100.5 என்று வந்தது. ஒரு முறை தட்டினேன். 100.7. மறுபடி பின்னால் தட்டினேன். 100.5. நூறு புள்ளி ஆறு என்ற எண்ணே இந்தச் செட்டுக்குத் தெரியவில்லை! காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். தனியார் நிலையங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். 91.1, 93.5, 94.3, 98.3. எல்லாம் ஒற்றைப்படை. அவை மட்டும் நன்றாக வந்தது ஏன் என்று புரிந்தது. ஆகாசவாணி பாவம், இரட்டைப்படையில் போய் உட்கார்ந்ததற்காக அதன் சிக்னல் மட்டம் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தது.

செட் அமெரிக்க வழக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அங்கே எஃப்.எம். நிலையங்கள் ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டுமே உண்டு. ஏ.எம். நிலையங்கள் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில். நம் நாட்டில் ஒன்பது ஒன்பதாக. திருச்சியின் 936 என்பது 104 ஒன்பது. பத்தால் வகுபடாது. செட் 930-க்கும் 940-க்கும் தாவிக்கொண்டிருந்தது, நடுவில் திருச்சி தவித்துக்கொண்டிருந்தது. 940-ல் யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு முனகல் கேட்டதே, அதுதான் அது. உள்ளூர் நாக்பூர் 585-ம் அதே கதி, அதனால்தான் முனகியது. சரி, சென்னை மட்டும் எப்படி வந்தது? 720 ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும்! எண்பது ஒன்பது, எழுபத்திரண்டு பத்து. இரண்டாம் வகுப்புப் பெருக்கல் வாய்ப்பாடு. அதைக் கண்டுபிடிக்க டிப்ளமோவும் முப்பத்தெட்டு வருஷ சர்வீஸும் எனக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டன.

ரேடியோ அமைப்புகளுக்குள் போய்ப் பிரதேசம் என்ற இடத்தில் அமெரிக்காவை எடுத்துவிட்டு ஆசியாவை வைத்தேன். சில செட்டுகளில் ஐரோப்பா என்று வைத்தாலும் ஒன்பது வந்துவிடும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. 100.6 கண்ணாடி மாதிரி வந்தது.

உங்கள் காரிலும் தனியார் நிலையங்கள் நன்றாக வந்து ஆகாசவாணி மட்டும் இரைந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். எஃப்.எம்.மை ஒரு படி நகர்த்தினால் எண் எவ்வளவு தாண்டுகிறது என்று கவனித்தாலே போதும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. அலையைப் பற்றி யாரும் உத்தரவாதம் தர முடியாது. கோயில் முடிந்து ஏரிக்கரை. மார்கழிக் குளிர். சார்ஜரைப் பிடுங்கினேன், எஞ்ஜினை அணைத்தேன், 936. முதலில் ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷம் கழித்து மெல்ல ஒரு நாதஸ்வரம் எழுந்தது, அமுங்கியது, மறுபடி எழுந்தது. பிறகு நிலையத்தின் பெயரைச் சொன்னார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மூடிட்டான்னு சொன்னியே?" என்றாள்.

"செட்டுல கோளாறும்மா."

"ஸ்டேஷன் மேல பழி போடறியே, படிச்சவன்" என்று சொல்லிவிட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வண்டியை எடுத்துடாதே. இது முடியட்டும்."

அம்மா 2022-ல் போய்ச் சேர்ந்தாள். கார் இன்னும் ஓடுகிறது. மாதக் கூட்டத்துக்குச் சங்கத்துக்கு வரும்போது உங்கள் காரைக் கொண்டு வாருங்கள். மல்ட்டிமீட்டரும் 75 சென்டிமீட்டர் வயரும் என் பையில் இருக்கும். டேஷ்போர்டைக் கழற்றுவதற்கு மட்டும் உங்கள் பையனை அழைத்து வந்துவிடுங்கள். எனக்குக் குனிந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது.